வெள்ளை பூசாத கண்கள்

மொஞ்சியா அக்காவின் ஓவியக் கண்காட்சியன்று மேடையில் நான் சொல்லாதது ஒன்று உண்டு. எனக்கு வலப்பக்கம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடி ஓவியத்தின் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது, சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். பேச்சின் நடுவே அந்த ஓவியத்தின் கண்களில் இருந்த வெண்மை ஒரு கணம் ஆழ்கடல் போலக் கறுத்தது. பிறகு தெளிந்தது. விளக்கு அணையவில்லை, குறுக்கே யாரும் போகவில்லை. நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். பேசியது இதுதான்:

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், மஹ்தியா கலை மன்றத்தின் மாண்புமிகு நூரெத்தீன் அவர்களே! அலையோடு அல்லாடி, வலையோடு போராடி, ஈரம் உலராத கையோடு வந்திருக்கும் பெரியவர்களே! ரொட்டிக்கு மாவு பிசைந்து மூடிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! மாவு பொங்குவதற்குள் முடித்துவிடுகிறேன். முதல் வரிசையில், முக்காட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டிருக்கும் மொஞ்சியா அக்காவே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

அக்கா வீட்டு மாடியில் குடியிருப்பவள் நான். நூலகத்தில் வேலை. ஓவியர் என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? வடக்கு வெளிச்சம் விழும் பெரிய கூடமா? நம் அக்காவின் கூடம் எது தெரியுமா? அடுப்படி! காலையில் காப்பிப் பாத்திரத்தைக் கழுவி வைப்பார். அதே மேசையில் கண்ணாடியைக் கிடத்துவார். வினிகரால் துடைப்பார். அடியில் வரைபடத்தை வைத்து, மெல்லிய தூரிகையால் முதலில் இமை மயிரை எழுதுவார்.

ஆம், இமையைத்தான் முதலில். கண்ணாடியின் முதுகில் வரைகிறவருக்கு எல்லாமே தலைகீழ். பிறர் கடைசியாக வைக்கும் பொட்டை அவர் முதலில் வைக்க வேண்டும்; பிறர் முதலில் பூசும் பின்புலத்தை அவர் கடைசியில் பூச வேண்டும். பூசிவிட்டால் மூடியாயிற்று. பிறகு ஒரு மயிரைக்கூட உள்ளே சேர்க்க முடியாது. நம்பிக்கையில்லையா? அதோ, நாவிதர் பஷீரைக் கேளுங்கள். அக்கா ஒருமுறை மறதியில் அவருடைய மீசையை எழுதாமலே பின்புலத்தை மூடிவிட்டார். படம் வீட்டுக்குப் போனது. "யாருங்க இந்த மாப்பிள்ளை?" என்று கேட்டதாம் அவர் மனைவியின் ஊர்.

என்ன சொல்கிறார்? மீசையை இப்போதாவது வரைந்து தரலாமே என்கிறாரா? பஷீர் மாமா, படத்தில் இனி வழியில்லை. நீங்கள்தான் மழித்துக்கொள்ள வேண்டும்.

சிரித்தோம். இனிச் சொல்லப்போவது சிரிப்பதற்கல்ல. உங்களோடு உட்கார்ந்திருக்கும் நஜ்வா சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

கண் எழுதும் நாளில் அந்த வீட்டில் மீன் பொரிப்பதில்லை. எண்ணெய்ப் புகை கண்ணாடியில் படியும். அக்காவின் கணவர் ஷெத்லி மாமா வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்பார்: "இன்னைக்கு யாரு கண்ணுடி? எனக்கு ஆலிவும் ரொட்டியும்தானா?" சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் அவர் அப்படிக் கேட்டபோது, அக்கா கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். ஃபராஜின் கண்கள்.

ஃபராஜ் ஏறிப்போன படகு திரும்பாதது உங்களுக்குத் தெரியும். அவர் மனைவி நஜ்வா, திருமணப் படத்தைக் கொடுத்து வரையச் சொல்லியிருந்தாள். இமை, கருமணி, புருவம், உதடு, கன்னம், எல்லாம் முடிந்தது. கண்ணின் வெள்ளையும் பின்புலமும் மட்டும் மிச்சம். கண்ணின் வெள்ளையைக் கடைசிவரை பூசாமல் விடுவது அக்காவின் வழக்கம். அந்த இடம் வெறும் கண்ணாடியாக இருக்கும்.

அப்போதுதான் ஃபராஜின் தாய் ஸல்ஹா அம்மா அடுப்படிக்கு வந்தார். உட்காரவில்லை.

"வெள்ளையைப் பூசாதே மொஞ்சியா. அடைச்சுட்டா எம்புள்ள எது வழியா வருவான்?"

நஜ்வாவும் அங்கேதான் நின்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "மாமி, மையத்து கிடைக்கல. அதனால புருஷன் போனவ தனிச்சிருக்கிற இத்தாவும் நான் இருக்க முடியல. பொண்டாட்டியும் இல்ல, கைம்பொண்ணும் இல்ல. நான் யாருன்னு நீங்களே சொல்லுங்க."

யாரால்தான் சொல்ல முடியும்?

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி அடுப்படி அலமாரியில் நின்றது. நஜ்வா தினமும் வந்து அதன் எதிரே தனியே உட்கார்ந்திருப்பாள். பின்னால் எது அசைந்தாலும் அது ஃபராஜின் கண்ணுக்குள் அசையும். பூனை நடந்தால் பார்வை நடக்கும். திரை ஆடினால் பார்வை தவிக்கும். ஆவி எழுந்தால் கண் கலங்கும். காரணம் தெரியும் நமக்கு. காரணம் தெரிந்தால் பயம் போய்விடுமா? அக்கா தன்னையறியாமல் ஒரு காப்பிக் கோப்பை கூடுதலாக எடுத்துவைக்கத் தொடங்கினார். ஷெத்லி மாமா தட்டைத் தள்ளிவைத்தார். "அவன் பார்த்துக்கிட்டிருக்கான். நான் மட்டும் எப்படிடி மீன் திங்கிறது?"

ஒரு நண்பகல், தாங்க முடியாமல், அக்கா அந்தக் கண்ணாடியை வெள்ளைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துவிட்டார். சுவரின் வெள்ளையே கண்ணின் வெள்ளையாயிற்று. பார்வை நின்றது. அடுப்படி அடங்கியது. சற்று நேரத்தில் கதவு திறந்தது. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஸல்ஹா அம்மா, தலைத்துணியும் இல்லாமல் நின்றார். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"அவனை ஏன் அடைச்சே?" என்றார்.

மன்னியுங்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நன்றி. எங்கே விட்டேன்? ஆம். அக்கா அன்றே கண்ணாடியைச் சுவரிலிருந்து நகர்த்தினார். ஆனால் அன்றிலிருந்து எதையும் வரையவில்லை. இந்தக் கூடத்தில் மாட்டியிருக்கும் மணப்பெண்களும் மரக்கலங்களும் குதிரை வீரர்களும் அதற்கு முன் வரைந்தவை. கைக்கு நோய் இல்லை, கண்ணுக்குக் குறையில்லை. பிறகு ஏன்? ஒரு முகத்தை மூடவும் முடியாமல், ஒரு தாயை மறுக்கவும் முடியாமல், அந்தத் தூரிகை நேற்றுவரை வினிகர்க் கிண்ணத்திலேயே கிடந்தது.

அவையோரே, கேட்கிறேன். மூடுவது மறப்பதா? கதவைச் சாத்துகிற எல்லோரும் உள்ளிருப்பவரை வெறுத்தா சாத்துகிறார்கள்? குளிருக்குச் சாத்துகிறோம். குழந்தை உறங்கச் சாத்துகிறோம். உறக்கம் வேண்டும் என்பதற்காகச் சாத்துகிறோம். இதோ, என் வலப்பக்கம் இருக்கும் ஃபராஜின் இந்தக் கண்கள் ஒரு குளிர்காலம் முழுதும் இமைக்கவில்லை. அவற்றின் முன்னால் ஒருத்தியும் இமைக்கவில்லை. பெற்றவருக்கு உரிமை உண்டு, வரைந்தவருக்கு உரிமை உண்டு. அந்தப் பார்வைக்கு எதிரே தினமும் தனியே உட்கார்ந்திருப்பவளுக்கு? அவளுக்குக் கிடையாதா?

ஸல்ஹா அம்மா, உங்கள் பிள்ளை திரும்பி வந்தால் எந்தக் கண்ணாடியும் அவரைத் தடுக்காது. வாசல் வழியாகவே வருவார், முதலில் உங்கள் கையைத்தான் முத்தமிடுவார். அதுவரை உங்கள் மருமகள் கொஞ்சம் கண்மூடட்டும்.

அக்கா தூரிகையைக் கழுவி எடுத்து வந்திருக்கிறார். வெள்ளையும் குழைத்து வைத்திருக்கிறார். நஜ்வா, மேடைக்கு வா. பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், மாவை மறந்து இருந்த தாய்மாருக்கும், கடலில் இன்னும் இருக்கும் படகுகளுக்கும் என் நன்றியும் வணக்கமும்.

பேச்சு அவ்வளவுதான். நஜ்வா வந்தாள். ஸல்ஹா அம்மாவும் எழுந்து வந்து வண்ணக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். நஜ்வா இரண்டு கண்களிலும் வெள்ளை பூசினாள், பின்புலத்துக்குப் பச்சை பூசினாள். பச்சை காய்வதற்குள் துறைமுகத்திலிருந்து ஆள் வந்தார். கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ஊரின் நிலமுனைக்கு அப்பால் இழுத்த வலையில் ஃபராஜ் கிடைத்திருந்தார். நஜ்வா பின்னிய கம்பளிச் சட்டையை வைத்து அடையாளம் கண்டார்கள். மறுநாள் கடலோர மையவாடியில் அடக்கம் செய்தோம். நஜ்வா இத்தா இருக்கத் தொடங்கினாள்.