சக்கரத்தை உதிர்த்துவிட்டுப் பறந்த விமானங்கள்

துவாரகா போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். “மேல ஏறினதும் சக்கரத்தைக் கழட்டி விட்டுடுவாங்க” என்று மனைவி சொன்னது காதில் விழுந்ததும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

“அப்புறம் எப்படி இறங்குவாங்க?”

“அடியில நீளமா ஒரு பலகை மாதிரி இருக்கும். புல்தரையில சறுக்கிட்டே வந்து நிக்கணும். ரெண்டாம் உலகப் போர்க்காலத்து ராக்கெட் விமானங்க அது.”

“அச்சா, அது இருக்கட்டும். இன்னிக்கு பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு என்னாச்சு? ஜல்தி சொல்லு. மத்தியானம் எனக்குச் சாப்பாடே இறங்கல.”

“சொல்றேன். தேர்வாளர் கேட்டார், ‘அந்த விமானங்கள்ல எரிபொருள் சில நிமிஷத்துல தீர்ந்துடும். எதுக்கும்மா அதைப் போய் ஆராய்ச்சி பண்ணினே?’ன்னு.”

“ஐயோ! நீ என்ன சொன்னே?”

“‘தீர்ந்தப்புறம் வெறும் இறக்கையை நம்பி இறங்கினாங்களே சார், அதுதான் என் ஆராய்ச்சி. விண்வெளி ஓடம்கூட அப்படி இறங்கினதுதானே’ன்னேன்.”

“அவர்?”

“எழுந்து நின்னு கை கொடுத்தார். ‘வாழ்த்துகள், டாக்டர்’னார்.”

கணவர் துள்ளி எழுந்தார். பெட்டி முழுவதும் கேட்கும்படி, “என் மனைவி டாக்டர் ஆயிட்டா!” என்று இந்தியில் கத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். கதவருகே நின்ற ஒருவர் ஆவலாகக் கிட்டே வந்து, “டாக்டர் சாஹிப், எனக்கு முழங்கால் வலி...” என்று ஆரம்பித்தார்.

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கணவரைப் பார்த்தாள்.

“கூவினது நீங்கதானே? நீங்களே மருந்து சொல்லுங்க!”