கூரைத் தகரத்துக்கு ஒரு மனு

— "பட்டதாரி எண்டா என்ன வருத்தம் அம்மா? மருந்து இருக்கோ?" எண்டு என்ர பூரணி ஒருநாள் கேட்டவள், ஸுஹைர் தம்பி.

— அடக் கடவுளே! நீங்க என்ன சொன்னீங்க, புஷ்பவதி அக்கா?

— வேலை கிடைச்சா மாறும் எண்டனான். கம்பஸ் முடிச்சு ரெண்டு வருசமா இந்தத் துறையடித் தேத்தண்ணிக் கடையிலயே இருந்தா, பிள்ளை வேற என்னத்தை நினைக்கும்?

— சும்மாவா இருக்கிறன்? ஊராருக்கு மனு எழுதிக் குடுக்கிறன்தானே!

— மனுவைப் பற்றிக் கதையாதீங்கோ! சூறாவளி கொண்டுபோன கூரைக்குத் தகரம் கேட்டு எழுதச் சொன்னனான். எழுதினீங்களோ?

— நாலு பக்கம் எழுதினன் அக்கா. நல்ல தமிழ்!

— ஓம், நல்ல தமிழ். அரசாங்கக் கந்தோர்த் துரையைக் கார்மேகம் எண்டு, கற்பகதரு எண்டு... துரைக்குச் சந்தோசம் தாங்கேலாம, மனுவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில கொழுவப் போறாராம். தகரம் எண்ட சொல்லு எங்க தம்பி?

— அல்லாவே... அதை மறந்திட்டன்.

— மாரி தொடங்கியிட்டுது. பிள்ளை குடையைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறாள்.

— எனக்கும் அதக் கேட்ட நாள் துவக்கம் நித்திரை இல்ல, அக்கா.

— சரி, விடுங்கோ. நேற்று அதே கந்தோரில உங்களுக்கு நேர்முகப் பரீட்சையாமே?

— வேலை வேறாளுக்குப் போயிற்று.

— அங்கயும் கற்பகதருவோ?

— இல்லக்கா. கதை வேற பக்கம் போயிற்று.

— உங்கட கதை எண்டைக்கு நேராப் போனது! சரி, நான் வந்த சங்கதியைக் கேளுங்கோ. தகரம் கிடைச்சிட்டுது! இருவது தகரம்!

— அல்ஹம்துலில்லாஹ்! எப்பிடி?

— காலம போனனான். கிளாக்கர் கமலாதேவி சொன்னவ. நேற்று ஆரோ ஒரு பொடியன் துரைக்கு முன்னால போய், தன்ர அலுவலை விட்டிட்டு, மூண்டு வசனம் சொன்னானாம். "புஷ்பவதி வீட்டுக்குக் கூரை இல்ல. சின்னப் பிள்ளை நனையுது. தகரம் குடுங்க." துரை அந்த இடத்திலயே கையெழுத்து வைச்சாராம்.

— ஆரெண்டு சொல்லேல்லயா?

— கேட்டனான். பேரைச் சொல்லாதீங்க எண்டு கெஞ்சிப்போட்டுப் போனானாம். அவன் பட்டதாரியா இருக்க ஏலாது தம்பி. பட்டதாரி எண்டா மூண்டு வசனத்தில நிப்பாட்டுவானோ?

— அதுவும் சரிதான்.

— பாதைப் படகு வெளிக்கிடுது, நான் ஓடுறன். நீங்களும் அவனை மாதிரிக் கதைக்கப் பழகுங்கோ!

— ஓம் அக்கா, கவனமாப் போங்க... நேற்றுத்தான் பழகினனான்.