காடாகிப் போன புளியந்தோப்பு

ஓர் ஓடைப் பகுதியின் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு நிலப்பயன்பாட்டு வரைபடம் தயாரிக்கும்போது, மாறியிருக்கும் இடங்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. வரைபடம் போட்ட எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் போகவில்லை என்பது ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் பேருந்தில்தான் எனக்குத் தெரிந்தது. முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம தோப்ப மேப்புல காடுன்னு போட்டாங்களே, அப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம்யா.”

“இன்னாம்மே பேசற? காடுன்னே இருந்திருந்தா ஒரு புளி உலுக்க வுடுவாங்களா? நெலமே கைய வுட்டுப் போயிருக்கும். எனக்குத் தூக்கமே இல்ல.”

“சாமை வெளையற நெலத்துல புளியங்கன்னு வெச்சா ஒண்ணுகூட தேறாதுன்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“வானத்துலேர்ந்து பாத்தவனுக்கே காடாத் தெரிஞ்சிருக்கு. தெனம் மரத்தடியில படுத்துத் தூங்கற உனக்குத் தெரியல.”

“சரி தாயி, தோத்துட்டேன்.”

சீட்டுக் கொடுக்க வந்த நடத்துநர் சிரித்துவிட்டார். “இப்ப சரி பண்ணிட்டாங்களாம்மா?”

“பண்ணிட்டாங்க. பொங்கலுக்கு மனு குடுத்தோம். தோப்புதான்னு பதில் வந்துடுச்சி.”

“எப்போ?”

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “ஆடிப் பதினெட்டு!”