செய்முறையில் நான்காவது வரி

லேப் ரிப்போர்ட்டில் எல்லோரும் செய்கிற தவறு, தேவைக்கு மேல் எழுதுவது, சார். நான் அப்படி எழுத மாட்டேன். ஒரு வரிக்கு ஒரு வேலை. படிக்கிறவன் யாரையும் கேட்காமல் செய்து முடிக்க வேண்டும்.

அப்பா எலெக்ட்ரானிக் சிட்டியில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவர். உள்ளே மின்சாரம் ஓடுகிறது என்று ஒரு சூப்பர்வைசர் சொல்லாமல் விட்டதில் அவருடைய வலது கை கருகிப்போனது. ஒரு வரியின் மதிப்பு எனக்குத் தெரியும்.

பத்து வாரம் என் ரிப்போர்ட்டைப் பக்கத்து பெஞ்ச் அபினவ் பார்த்து எழுதினான். கேட்கவில்லை, எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பத்துக்கு ஒன்பது, எனக்கு நாலு. லேப் எடுக்கும் அனந்தபத்மநாபன் சார் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஏம்ப்பா தாஸ், உங்க ஊர் கோல்டு ஃபீல்ட்ஸ் கவர்மென்ட் ஸ்கூல்ல இவ்ளோ நல்ல இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்களா?”

லேப்பே சிரித்தது.

“விடுங்க சார், பாவம். நான்தான் பாத்து எழுதிக்கோடான்னு குடுத்தேன்,” என்றான் அபினவ்.

கோபம் வந்தது. கை நடுங்கினால் எழுத்து கெடும் என்பதால் இரண்டு நாள் காத்திருந்தேன்.

பதினொன்றாவது சோதனையில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் அதற்குள் முந்நூறு வோல்ட் நிற்கும். அந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும். செய்முறையில் அது நான்காவது வரி. அதை விட்டுவிட்டு, அடுத்த வரிகளின் எண்களை மாற்றினேன். இடைவெளியே தெரியவில்லை.

அபினவ் வழக்கம்போல் பார்த்து எழுதினான். அதோடு நிற்கவில்லை. தன் பெயர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான்.

லேப் தேர்வில் எந்தச் சோதனை என்பதற்குச் சீட்டு எடுக்க வேண்டும். பதினொன்று யாமினிக்கு வந்தது. என் ஊர்க்காரி. தினமும் ஒரே ரயிலில் வருவோம்.

“அப்பாடா, இது வந்துச்சேடா! அந்தப் பொறம்போக்கு குரூப்ல போட்டானே, அது உன்னுதுதானே? படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. நீ எழுதுனாத்தான்டா எனக்குப் புரியுது.”

அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது அபினவின் பெயர். என்ன நடந்தாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். “நல்லா பண்ணு,” என்றேன்.

மேற்பார்வையாளர் அடுத்த மேசையில் இருந்தார். யாமினி சுவிட்சை அணைத்தாள். இரண்டு கையாலும் ஒயரைக் கழற்றினாள். படித்ததை அப்படியே செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

அபினவை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள், இரண்டே நாளில் விட்டுவிட்டீர்கள். கவனக்குறைவால் ஒரு வரி விட்டுப்போனது என்று எழுதியிருக்கிறீர்களாம். அதற்காகத்தான் வந்தேன்.

அதைத் திருத்துங்கள், சார். நான் எதையும் கவனக்குறைவாக எழுதுவதில்லை.