நாற்பத்தாறு வாக்கியங்கள்

கையடக்க வட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் கொள்ளளவை மட்டுமே பார்க்கிறார்கள். வாங்கும்போதே இரண்டாக வாங்கிவிடுவது நல்லது. ஒன்றில் மூலம் இருக்கும். மற்றொன்றில் அதன் படி இருக்கும். வட்டு என்று வழக்கத்துக்காகச் சொல்கிறேன். உள்ளே சுழல்வது எதுவுமில்லை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. எஸ்.எஸ்.டி. என்கிறார்கள். நான் கறுப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் வாங்கினேன், மாறிவிடக் கூடாது என்பதற்காக.

என் மனைவியின் குரற்பதிவுகளுக்கு வேறு படி எங்கேனும் உள்ளதா என்று, அவளுடைய பேச்சுப் பயிற்சியாளர் என்ற முறையில் தாங்கள் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரங்களாக அவள் பயிற்சிக்கு வராததன் காரணத்தையும் கேட்டிருக்கிறீர்கள். நேரில் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். எழுத்தில் பொய்யுரைப்பது எனக்கு வழக்கமில்லை. முப்பத்தோராண்டுகள் ஆவணக் காப்பறையில் பணியாற்றியவன் நான்.

காப்பறை என்றால் எல்லாவற்றையும் பாதுகாக்கும் இடம் என்று வெளியே நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் பெரும்பகுதி கழிப்பதுதான். எந்தக் கோப்பு நிரந்தரம், எது பத்தாண்டு, எது மூன்றாண்டு, எது உடனே கழிக்கத்தக்கது என்று பிரித்து, ஓரத்தில் கையொப்பமிட்டு, கட்டிக் கீழே அனுப்புவோம். கழிக்கத் தெரியாதவனுடைய அறையில் எலிதான் குடியிருக்கும். என் அறையில் ஒருநாளும் எலி இருந்ததில்லை.

என் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் இருபத்திரண்டாண்டுகள் முன்மேசையில் இருந்தாள். அவள் பேசினாலே நோயாளிகளுக்குப் பாதி வலி போய்விடுகிறதென்றும், மீதிப் பாதிக்குத்தான் தாம் வேலை செய்வதாகவும் அந்த மருத்துவர் சொல்வார். தொலைபேசியில் யாருடனும் பேசுவாள், சிரிப்பாள். வீட்டில் அவ்வளவு பேசமாட்டாள். விருந்தினர் வந்தால் அவள் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்குவாள், நான் முடித்துவைப்பேன். நாள், நேரம், இடம் எல்லாம் எனக்குத்தான் சரியாக நினைவிருக்கும். அவள் எழுந்து உள்ளே போய்க் காபி கலந்துகொண்டு வருவாள். இதில் எந்த வருத்தமும் இருந்ததாக எனக்குத் தெரியாது. நான் கைநீட்டியவனல்லன், குரலை உயர்த்தியவனுமல்லன்.

தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும், குரல்வளையை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். தங்களைச் சந்தித்தது அப்போதுதான். அறுவைக்கு முன் அவளுடைய குரலில் வாக்கியங்களைப் பதிந்து வைத்தால், பிறகு கருவி ஒன்று அதே குரலில் அவளுக்காகப் பேசும் என்று தாங்கள் விளக்கினீர்கள். எண்ணூறு வாக்கியங்கள் கொண்ட பட்டியலையும் கொடுத்தீர்கள். உங்களுக்கு வேண்டியவற்றை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னீர்கள்.

படுக்கையறைச் சுவரில் மெத்தைகளைச் சாய்த்து, சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு அவள் பதிந்தாள். மூன்று வாரம். மடிக்கணினியில் பழைய படங்கள் நிறைந்து இடமில்லாமற்போனதால் நேரே கறுப்பு வட்டிலேயே பதிவாகும்படி செய்தோம். அதிலுள்ளதை நீல வட்டு அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளும்படி என் மகள் ஒரு நிரலை அமைத்துக் கொடுத்தாள். அவள் வேறோர் ஊரில் வேலை பார்க்கிறாள். இணையத்திலும் ஒரு படி போட்டுவைக்கலாம் என்றாள். தாயின் குரல் யாரோ ஒருவருடைய இயந்திரத்தில் கிடப்பது முறையன்று என்று மறுத்துவிட்டேன்.

"அதுவும் சரிதான். அப்பா கையில இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்கிற மாதிரி" என்றாள் மகள்.

மனைவி வியர்த்து வெளியே வந்து, தங்கள் பட்டியலைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, 'கப்பல் மெதுவாகத் திரும்பியது'ன்னு எழுதியிருக்காங்க. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்? காய்காரர்கிட்டயா?"

மொத்தம் ஆயிரத்து முப்பது பதிவுகள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு படியை மருத்துவமனையில் கொடுத்துவைக்கும்படி தாங்கள் கேட்டதும், ஒழுங்குபடுத்தி மொத்தமாகக் கொண்டுவருகிறேன் என்று நான் சொன்னதும் நினைவிருக்கும். என் பதிவேட்டைப் பார்த்து வியந்து, சம்மதித்தீர்கள். தங்கள்மீது இதில் தவறேதுமில்லை.

ஒழுங்குபடுத்துவதென்றால் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டேன். பட்டியல் வாக்கியங்களை அடுத்து அவளே சேர்த்தவை இருந்தன. தங்கைக்கென்று ஒரு தொகுப்பு: "ஏய் கழுதை, உயிரோடதான் இருக்கியா? ஒரு போன் பண்ணினா விரல் தேஞ்சிடுமா?" மகளுக்கென்று ஒன்று. பக்கத்து வீட்டுக்காரிக்கென்று ஒன்று. கடைசித் தொகுப்புக்கு 'வீடு' என்று பெயரிட்டிருந்தாள். அதில் நாற்பத்தாறு வாக்கியங்கள்.

"இருங்க, நான் பேசி முடிச்சிடறேன்."

"இல்லைங்க, அது அப்படி நடக்கல."

"இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"எனக்கு இது பிடிக்கல. அப்பவும் பிடிக்கல."

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது."

இந்த ஐந்தும் போதும். மற்றவையும் இத்தன்மையனவே. எதிலும் கோபமில்லை. முன்மேசையில் அடுத்த நோயாளியை அழைக்கும் அதே இதமான குரலில் சொல்லியிருந்தாள். முப்பத்துநான்காண்டு மணவாழ்க்கையில் இவற்றுள் ஒன்றைக்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. ஆகவே இவை அவளுடைய இயல்பான பேச்சல்ல, நோயின் கலக்கத்தில் எழுந்தவை என்ற முடிவுக்கு வந்தேன். தற்காலிகமான மனநிலையில் எழுதப்பட்ட தாள்களை நாங்கள் நிரந்தரத்தில் சேர்ப்பதில்லை. நாற்பத்தாறையும் நீக்கினேன். நீல வட்டைச் செருகியதும் அதிலும் அவை நீங்கின. அந்த நிரல் அவ்வளவு விசுவாசமானது.

அறுவைக்கு அப்போது ஆறு நாள் இருந்தது. மறுநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வீடுன்னு ஒண்ணு போட்டிருந்தேனே, கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேட்கப்போறேன்? எண்ணிக்கை சரியான்னு மட்டும் பார்த்தேன்."

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். "கேட்டா தப்பில்ல. உங்களுக்குத்தான் பேசினேன். நேர்ல வரல எனக்கு" என்றாள். பிறகு மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஆறு நாட்களில் நான் சொல்லியிருந்தால் அவள் மறுபடி பதிந்திருக்கலாம். குரல் அப்போது தொண்டையில்தான் இருந்தது. இதை மறைக்கவில்லை.

காரியம் அத்துடன் முடிந்ததென்றே நினைத்தேன். அறுவைக்கு இரண்டு நாள் முன்பு தாங்கள்தான் மேலும் ஒன்றைச் சொன்னீர்கள். கருவிக்கு அறுநூறு வாக்கியங்கள் தெளிவாக இருந்தாற்போதுமா என்று நான் கேட்டதற்கு, "தாராளமா. அது வார்த்தையைக் கத்துக்காது சார், குரலைத்தான் கத்துக்கும். அவங்க பதியாததைக்கூட டைப் பண்ணினா அவங்க குரல்லயே பேசும்" என்றீர்கள்.

என் மனைவி சிரித்தாள். "அப்போ இனிமேதான் நான் பேசவே ஆரம்பிக்கப்போறேன்னு சொல்லுங்க."

தாங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து 'இல்லை', 'வேண்டாம்', 'மாட்டேன்' ஆகிய சொற்கள் வரும் வாக்கியங்களைத் தேடினேன். அறுபத்தொன்று இருந்தன. அவற்றையும் நீக்கினேன். நீக்கும்போதே அது பயனற்றதென்று தெரிந்தது. கப்பல் மெதுவாகத் திரும்பியது என்ற வாக்கியத்திலிருந்துகூட அந்தக் கருவி அந்த நாற்பத்தாறையும் செய்துவிடும். ஆவணத்தில் ஒரு பக்கம் மட்டும் பழுதென்றால் பக்கத்தை எடுக்கலாம். தாளே அப்படிப்பட்டதென்றால் என்ன செய்வது?

வட்டு வாங்கிய கடைக்குப் போய், பொது அறிவுக்காகக் கேட்பதுபோல், தவறுதலாக அழிந்தவற்றை மீட்க முடியுமா என்று கேட்டேன்.

"பழைய ஹார்ட் டிஸ்க்குன்னா தோண்டி எடுத்துடலாம் சார். இதுல அழிச்சா அழிச்சதுதான். சும்மா இருக்கிற நேரத்துல அதுவே உள்ள துடைச்சு வெச்சிடும். நம்ம வீட்டு ஆளுங்களைவிடச் சுத்தம்" என்றார் கடைக்காரர்.

அறுவையன்று காலை எட்டரை மணிக்கு அவளைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். கதவருகே நிறுத்தி, ஏதாவது பேசுவதென்றால் பேசிக்கொள்ளுங்கள் என்றார் செவிலி. மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனைவி அவளுக்குத் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல?"

"வெச்சிருக்கேன்."

அவள் தன் வாயாற்பேசிய கடைசி வாக்கியம் அதுதான். நான் சொன்னது அந்நேரத்தில் உண்மை. தொள்ளாயிரத்து இருபத்து மூன்று பதிவுகள் என் பையில் இருந்தன.

காத்திருப்புக் கூடத்தில் பதினொரு மணிவரை யோசித்தேன். மகள் தேநீர் வாங்கப் போயிருந்தாள். மடிக்கணினியைத் திறந்து வட்டைச் செருகினேன். பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"ஆபீஸ் வேலையா சார்? இங்கயும் விடமாட்டேங்கிறாங்களா?"

"பழைய கோப்பு கொஞ்சம் இருக்கு. முடிச்சுட்டா நிம்மதி."

"முடிச்சிடுங்க, முடிச்சிடுங்க" என்று எனக்கும் ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

கறுப்பு வட்டில் அழிய ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. நீல வட்டு அதைப் பார்த்து எழுதிக்கொள்ள இன்னும் சற்று நேரம். இடைவேளைகளில் அவை தம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டுமே என்று, மகள் வரும்வரை இரண்டையும் செருகியே வைத்திருந்தேன். ஒன்றரை மணிக்கு உதவி மருத்துவர் வந்து, குரல்வளையை நல்லபடியாக எடுத்தாயிற்று என்றார்.

கழுத்துப்புண் ஆறியபின் தங்கள் அறையில் நாம் எல்லோரும் உட்கார்ந்து வட்டுகளைத் திறந்ததும், அவை வெறுமையாக இருந்ததும் தாங்கள் அறிந்ததே. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். தாங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். என் மனைவி என் தோளைத் தட்டினாள். எழுதுபலகையில் 'பரவாயில்லை' என்று எழுதினாள். அவ்வளவு பேரும் என்னைத்தான் தேற்றினீர்கள். பிறகு அவள் பலகையைத் துடைத்து, 'தங்கச்சி போனில் என் குரல் இருக்கும்' என்று எழுதினாள்.

இருந்தது. பதினான்கு குரற்செய்திகள். தங்கை தன் கைபேசியை என்னிடமே கொடுத்து, "மாமா, எனக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களே எடுத்துக்கோங்க" என்றாள். படியெடுத்துக்கொண்டு மூலத்தை நீக்கினேன். பின்னர் படியையும் நீக்கினேன். எடுக்க முயன்றபோது அழிந்துவிட்டதாக அவளிடம் சொன்னேன். ஆகவே தங்கள் கேள்விக்கு விடை: வேறு படி எங்கும் இல்லை. அழித்தவன் நான். வட்டுகளில் எந்தப் பழுதுமில்லை. இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன.

முழுமைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பதிவு தொடங்கிய முதல் நாள், ஒலிவாங்கியைச் சோதிக்க ஏதாவது பேசு என்றேன். "சரிங்க, நீங்க சொன்னா சரிதான்" என்றாள். பட்டியலில் வராத துணுக்கு அது, வட்டுக்குப் போகாமல் மடிக்கணினியிலேயே கிடந்தது, எண்ணிடவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்றாவது கிடைக்காதா அப்பா என்று மகள் விடாமல் அழுததால், கடைக்காரர் ஒன்றை மீட்டுக் கொடுத்ததாகச் சொல்லி மூன்று வாரங்களுக்கு முன் அதைப் போட்டுக் காட்டினேன்.

என் மனைவி அதைக் காதுகொடுத்துக் கேட்டாள். 'இது மட்டுமா?' என்று எழுதினாள். ஆமாம் என்றேன். என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பலகையைத் துடைத்து, பேனாவை மூடி, இரண்டையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். அதன்பின் யாருக்கும் எதுவும் எழுதவில்லை, பயிற்சிக்கும் புறப்படவில்லை. விருந்தினர் வந்தால் நான்தான் அவளுக்காகவும் பேசுகிறேன். அவள் என்ன நினைப்பாள் என்பது எனக்குத் தெரியாதா? வீட்டில் இப்போது எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. இக்கடிதத்தை அவளிடம் காட்டுவதென்றால் தாராளமாகக் காட்டலாம். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

தாங்கள் அளித்த கருவி வீணாகவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அதில் ஒரு பொத்தானில் ஏற்றி, கூடத்தில் அவளுக்கு எட்டும்படி வைத்திருக்கிறேன். அவள் அதை அழுத்துவதில்லை. தேவைப்படும்போது நானே அழுத்திக்கொள்கிறேன்.