விரலிடுக்கில் ஒரு வெடிப்பு

— கிருமி வளர்த்த இந்த ரெண்டு தட்டுல என் கையில எடுத்தது எது மேடம்? சுத்தமா இருக்கே, அதுதானே?

— ரெண்டுலயும் பாக்டீரியா இருக்கு மாஸ்டர். அது இல்லாத கையே கிடையாது. முதல்ல உக்காருங்க.

— உக்கார முடியல மேடம். அச்சகத்துக் கேன்டீனைப் பூட்டி ஒன்பது நாளாச்சு. அங்க சாப்பாட்டு பெல் அடிச்சா காலு தானா அடுப்படிக்கு நடக்குது.

— பொறுங்க. இது உங்க வீட்டுக்காரம்மா கையில எடுத்தது. சின்னச் சின்னதா வெள்ளைப் புள்ளி தெரியுதுல்ல? எல்லார் தோல்லயும் குடியிருக்கிறதுதான். பெரும்பாலும் ஒரு கெடுதலும் செய்யாது. வெளியாள் வந்து உக்காராம பாத்துக்கிறதே இதுங்கதான்.

— அவ சாதா சோப்புக்கட்டியிலதான் கழுவுவா மேடம். தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கிருமிநாசினி வாங்கி வெச்சிருக்கேனே, அதைத் தொடுன்னு. மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிடுவா.

— நீங்க?

— சும்மா சொல்லக் கூடாது, ஒரு நாளைக்கு முப்பது தடவை. தண்ணி கலக்காம, கெட்டியா. நூத்துல தொண்ணூத்தொம்பது கிருமி காலின்னு கேன் மேலயே போட்டிருக்கான்.

— சோப்பு கிருமியைக் கொல்லணும்னே இல்ல மாஸ்டர். பிசுக்கோட சேர்த்து உருவி எடுத்து தண்ணியில விட்டுடும். நல்லா தேய்ச்சுக் கழுவினா அதுவே போதும். மருந்து சேர்த்த சோப்பால நமக்குக் கூடுதலா ஒண்ணும் கிடைக்கலன்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. கையைக் காட்டுங்க.

— அடுப்படிக் கை மேடம். பாக்க நல்லாருக்காது.

— விரலிடுக்குல வெடிச்சிருக்கே, எத்தனை நாளா?

— ரெண்டு மாசம் இருக்கும். எரியும். எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னுதானே?

— எரிஞ்சா தோல் போச்சுன்னு அர்த்தம். கெட்டியா ஊத்தி ஊத்தி அரிச்சுட்டீங்க. காவலுக்கு இருந்ததும் போயிடுச்சு. வெடிப்புல வேற ஆள் குடியேறிட்டான். இந்த ரெண்டாவது தட்டைப் பாருங்க, மஞ்சள் மஞ்சளா. மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தா திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும்.

— இது... என்னுதா?

— ஆமா. அன்னைக்கு மிஞ்சின உருளைக்கிழங்குலயும் இதேதான்.

— அவிச்ச கிழங்கு மேடம் அது!

— அவிச்சதை யாரு பிசைஞ்சது?

— நான்தான். அவளைத் தொட விடல. அவ கை சுத்தம் பத்தாதுன்னு.

— எவ்வளவு நேரம் வெளியில இருந்துச்சு?

— காலையில பிசைஞ்சேன். மதியம் வரைக்கும். ஆனா பந்தி போடுறதுக்கு முன்னாடி திரும்ப நல்லா சுட வெச்சேனே!

— சூட்டுல கிருமி செத்திருக்கும். அதுக்குள்ள அது கக்கி வெச்ச நஞ்சு சாகாது.

— இருபத்து மூணு பேர் மேடம். மெஷினை நிறுத்தக்கூட நேரமில்லாம வாந்தி எடுத்தாங்க. பைண்டிங் பண்ற பெரியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுத்தான் போனாங்க.

— அவர் நேத்து வீட்டுக்கு வந்துட்டாரு. எல்லாரும் தேறிட்டாங்க.

— அத்தனை பேர் முன்னாடியும் அவளைக் காட்டி, ‘இவ கைதான் காரணம்’னு சொன்னேன் மேடம். இந்த விரலை நீட்டித்தான் சொன்னேன். அவ முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு அவங்கக்கா வீட்டுக்குப் போயிட்டா.

— போன் பண்ணுங்க. நான் வெளியில நிக்கிறேன்.

— வேணாம், இருங்க. ஊர் முன்னாடி சொன்னதைத் தனியா திருப்பி வாங்கக் கூடாது. ஸ்பீக்கர்ல போடுறேன்.

— ஹலோ.

— நான்தாம்மா. வெச்சுடாதே.

— சொல்லுங்க.

— சுகாதார ஆபீஸ்ல இருக்கேன். பரிசோதனை பண்ண மேடமும் பக்கத்துல இருக்காங்க. உன் கை இல்ல. என் கைதான். அச்சகத்துக்குப் போய் எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லிடுறேன்.

— ம்.

— ‘ம்’னா என்ன அர்த்தம்? நாலு திட்டு திட்டேன்.

— கை இன்னும் எரியுதா?

— எரியுது.

— மேடம், இவர் எப்போ அடுப்புக்குப் போகலாம்?

— புண்ணு முழுசா ஆறணும்மா. டாக்டர்கிட்ட காட்டணும். அதுவரைக்கும் சாப்பாட்டைத் தொடக் கூடாது.

— கேட்டுக்கிட்டீங்களா? அதுவரைக்கும் அடுப்பு என் கையில.

— இனிமே அடுப்படியில நீ சொல்றதுதான். ஏதோ நல்ல நேரம், இந்த மேடம் தானா வந்து பார்த்தாங்க. இல்லேன்னா சாகுற வரைக்கும் உன்னையே சொல்லிக்கிட்டிருந்திருப்பேன்.

— தானா எங்க வந்தாங்க? அன்னைக்கு அக்கா வீட்டுக்குப் போற வழியிலேயே அந்த ஆபீஸ்ல ஏறி, ‘முதல்ல எங்க வீட்டுக்காரர் கையைப் பாருங்க’ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனதே நான்தான்.