பழியைச் சுமக்க ஒரு தொப்பிக்காரன்

இந்த அரங்கின் தலைமை இருக்கையை அலங்கரிக்கும் ரிச்சர்ட்சன் தமிழ்த் திரைவட்டத் தலைவர் அண்ணன் மணியன் அவர்களே! காலையிலிருந்து இருட்டில் அமர்ந்து, இருட்டையே பார்த்து, இன்னும் ஒரு கொட்டாவிகூட விடாத பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் டிபன் டப்பாவுமாக ஃப்ரீவே கடந்து வந்திருக்கும் தாய்மார்களே! புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி சபரி அவர்களே! கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களுக்கு ஒரு திருவிழா எடுக்க வேண்டும் என்று கனவு கண்டு, கையெடுத்துக் கேட்டு, கட்டி எழுப்பிய விழாச் செயலாளர் கயல் அவர்களே!

பேத்திக்கு எதற்கு 'அவர்களே' என்று அங்கே ஒரு அம்மா சிரிக்கிறார். வீட்டில்தான், அம்மா, அவள் என் பேத்தி. மேடையில் அவள் செயலாளர். இதே ரிச்சர்ட்சன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கிறாள். அந்தப் பெருமையில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தனை பேருக்கும் இர்விங்கிலிருந்து வந்திருக்கும் இந்தக் கிழவியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்தப் படங்களில் அவர்கள் வாயோரமாகப் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் எட்டும். மீதியைக் கயல் சொல்வாள். சொல்ல மறந்தால் "பாட்டி, ஜஸ்ட் வாட்ச் த ஷேடோஸ்" என்பாள். பார்த்தேன். நிழலைப் பார்த்தேன். நிழல் பேசுவதைப் பார்த்தேன்!

என்ன நிழல் அது! மழையில் நனைந்த வீதி, வீதியில் மங்கிய விளக்கு, விளக்கின் கீழே முகம் தெரியாத ஒரு தொப்பி. சுழன்று சுழன்று இறங்கும் மாடிப்படி. சன்னலில் ப்ளைண்ட்ஸ் என்கிற பட்டைத் திரை, அதன் வழியே வரும் வெளிச்சம் மனிதன் முகத்தில் வரி வரியாக விழுகிறது, அவன் வீட்டுக்குள் இருக்கும்போதே சிறைக்குள் இருப்பதுபோல! நம் அபார்ட்மென்ட்களிலும் அதே ப்ளைண்ட்ஸ்தானே தொங்குகிறது? அந்த வரிகள் நம் முகத்திலும் விழுகின்றனவா என்று என்றைக்காவது கண்ணாடியில் பார்த்தோமா?

அந்தப் படங்களின் மனிதர்களைப் பாருங்கள். துப்பறிகிறவன் கசங்கிய கோட்டுக்காரன். உத்தமன் இல்லை. குடிப்பான், பொய் சொல்வான், அடி வாங்குவான். ஆனால் அவனுக்குள் ஒரு கோடு உண்டு. உயிரே போனாலும் அதைத் தாண்ட மாட்டான். அவன் கதவைத் தட்டி ஒரு பெண் வருவாள். கண்ணில் நீர், கையில் கைக்குட்டை. "என்னைக் காப்பாற்றுங்கள்" என்பாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் படம்! அடுத்து, கேஸை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகத் துடிக்கும் போலீஸ்காரர். பெரிய வீட்டில் பெரிய மனிதர். இத்தனை பேருக்கும் நடுவில் இன்னொருவன் இருப்பான். அவன்தான் என் தூக்கத்தைக் கெடுத்தவன்.

பழியைச் சுமக்கிறவன்.

குற்றம் நடந்துவிட்டது, யாராவது ஒருவன் வேண்டும். யாரைப் பிடிப்பது? தனியாக இருக்கிறவனை. நேற்று வந்தவனை. அவனுக்காகக் கேட்க நாதி இல்லாதவனை! தொப்பியும் கோட்டும் போட்டு அந்தப் பக்கம் போனானா? போதும். அவன்தான்!

கைதட்டாதீர்கள் ஐயா. இனிமேல் சொல்லப்போவது கைதட்டும் கதை இல்லை.

போன வரலட்சுமி நோன்புக்கு எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட் ஷ்யாமளா வீட்டில் அம்மன் வைத்திருந்தார்கள். ஷ்யாமளா எனக்கு அயலாள் இல்லை. எனக்கு நெஞ்சு வலித்த அன்று காரில் ஏற்றி, ஹாஸ்பிடலில் என் கையைப் பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தவள். அவளுடைய மாமியார் பர்வதம், தன் தாய் வீட்டு அட்டிகையை அம்மனுக்குச் சாத்தியிருந்தார். தாய்மார்களுக்குத் தெரியும், தெரியாத தம்பிகளுக்குச் சொல்கிறேன்: நோன்பு முடிந்த மறுநாள் அம்மனை எடுத்து அரிசி டிரம்முக்குள் வைப்பது வழக்கம். அடுத்த வெள்ளி வரை அந்த அரிசியைத் தொட மாட்டார்கள். அன்றைக்கு அதை எடுத்துப் பொங்கல் வைப்பார்கள். பர்வதம் மாமி அம்மனை டிரம்மில் வைத்தார். அதற்கு அடுத்த நாள் அட்டிகையைக் காணோம்!

"எங்கேம்மா வெச்சேள்?" என்று மகன் ராமசுப்ரமணியன் கேட்க, "கழட்டி அலமாரியில வெச்சேனே" என்றார் மாமி. அலமாரியில் இல்லை. அவருக்கு ரத்தக் கொதிப்பு என்பதால், தொலைந்த செய்தியை அவரிடம் மறைத்துவிட்டார்கள். பிறகு கதவு மணியில் இருக்கும் கேமராவின் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் உறைந்துபோனார்கள். அம்மனை எடுத்து வைத்த அன்று பகலிலேயே புயல் மேகம் கவிந்து படிக்கட்டு கும்மிருட்டு. அந்த இருட்டில் கேமரா தானாகவே கறுப்பு வெள்ளைக்கு மாறியிருந்தது. ஷ்யாமளா வீட்டுக் கதவிலிருந்து ஒரு உருவம் வெளியே வருகிறது. தலையில் மழைத் தொப்பி. முழங்கால் வரை கோட்டு. கையில் ஒரு கறுப்புப் பை. இந்தப் பக்கம் பார்க்கிறது, அந்தப் பக்கம் பார்க்கிறது, சுவரோரமாக இறங்கிப் போகிறது.

"பாட்டி, திஸ் இஸ் லைக் அவர் மூவீஸ்" என்றாள் கயல்.

அந்த உருவம், எதிர்ப்படியில் குடியிருந்த முகுந்த். தனி ஆள். புதிதாக வந்தவன். வேலை போய், விசா தொங்கலில் நின்று, கடைசியில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த நேரம். போலீஸ் கேஸ் என்று ஒரு வரி அவன் பெயரில் விழுந்தால் அந்த வேலை என்னாகும்? அந்த விசா என்னாகும்? ஊரில் மகன் சம்பாதிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கும் அப்பன் முகம் என்னாகும்?

வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் பறந்தது. ராமசுப்ரமணியன் அவனைப் படியிலேயே நிறுத்திக் கேட்டார். நான் கதவருகில் நின்றிருந்தேன்.

"நான் எடுக்கலை அங்கிள்."

"அப்ப பையில என்ன இருந்தது?"

அவன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லிட்டா முடிஞ்சுதேப்பா. வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"சொல்ல முடியாது அங்கிள். ஆனா உங்க நகை இல்லை."

சொல்ல முடியாதாம்! கேட்டவர்களுக்கு அது போதாதா? அபார்ட்மென்ட் ஆபீஸ் மற்ற கேமராப் படங்களை எடுத்துத் தர வெள்ளிக்கிழமை வரை ஆகும் என்றது. வெள்ளி சாயங்காலம் எல்லாவற்றையும் போலீசில் கொடுப்பது என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க ஒருவர்கூட அவனோடு லிப்டில் ஏறவில்லை. தாய்மார்கள் அவனைக் கண்டால் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. ஷ்யாமளா ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மன் இருந்த அரிசியா கண்ணு?"

"ஆமா ஆன்ட்டி. காலையில நானே டிரம்ல இருந்து எடுத்தேன்." கிண்ணத்தை வைத்தாள். போகவில்லை. "ஆன்ட்டி, நீங்க சொன்னா இவர் கேப்பார். போலீஸ் எல்லாம் வேண்டாம்னு சொல்லுங்களேன்."

"ஏஞ்சாமி? அத்தையோட நகையாச்சே?"

"போனா போகட்டும் ஆன்ட்டி. விட்டுடலாம்."

விட்டுடலாமா? முந்தின நாள் வரை அட்டிகை, அட்டிகை என்று அழுதவள் இவள். கண்டுபிடியுங்கள் என்று கதவைத் தட்டிய பெண், திடீரென்று தேடாதீர்கள் என்கிறாள். இந்த இடத்தை நான் எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன்! எப்போது அப்படிச் சொல்வாள்? தேடிய பொருள் அவள் கைக்கே வந்துவிட்டபோது!

சன்னல் ப்ளைண்ட்ஸின் வரிகள் அவள் முகத்தில் விழுந்திருந்தன. சினிமாவுக்காகச் சொல்லவில்லை, சத்தியமாக விழுந்திருந்தன.

"ஷ்யாமளா, டிரம்ல அம்மன் கழுத்துலயே இருந்துச்சா?"

அவள் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"கழட்டாமலே வெச்சிருக்கா ஆன்ட்டி. அத்தைக்கு ஞாபகம் தப்பறது. வெளியில தெரிஞ்சா என்ன பேசுவா? நாங்க வேற அந்தப் பையன் படத்தை எல்லாருக்கும் அனுப்பியாச்சு. இப்ப நான் எந்த முகத்தோட... கேஸ் இல்லேன்னா அவனுக்கும் நல்லதுதானே?"

"கேஸ் போயிரும் கண்ணு. அவன் பேரு?"

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். ராமசுப்ரமணியன் வந்துவிட்டார். படியில் ஷூ சத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. தட்... தட்... தட்...

என் கையைப் பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் ஒரு பக்கம். எனக்கு யாரென்றே தெரியாத ஒரு பிள்ளை மறு பக்கம். எந்தப் பக்கம் நிற்பது? அந்தக் கசங்கிய கோட்டுக்காரன் ஏன் கடைசியில் தான் நேசித்தவளையே காட்டிக்கொடுக்கிறான் என்று கயலிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். கல்நெஞ்சன் என்று திட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் புரிந்தது, அவன் நெஞ்சு கல் இல்லை. கல்லாக இருந்தால் வலித்திருக்காதே!

"நீ சொல்லிரு கண்ணு. நீ சொல்லாட்டி நான் சொல்லிருவேன். நான் சொன்னா அது உனக்குக் கேவலம். நீ சொன்னா இல்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தப் பார்வை இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. எழுந்தாள். தன் வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். ராமசுப்ரமணியன் கையில் ஃபைலோடு உள்ளே வர, அவள் முந்தானையில் முடிந்திருந்த அட்டிகையை எடுத்து மேஜையில் வைத்தாள். கல்லுக்குக் கல் அரிசி ஒட்டியிருந்தது.

"எங்கே கிடைச்சுது?" அவர் துள்ளினார். "எப்போ?"

இப்போதுதான் கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"டிரம்ல. காலையிலேயே கிடைச்சுடுத்து. நான்தான் மறைச்சுட்டேன்."

அந்த 'காலையிலேயே' என்ற ஒரு சொல்லுக்காக, என் ஷ்யாமளாவை இந்த மேடையிலிருந்து நான் கும்பிடுகிறேன்!

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பர்வதம் மாமி வந்தார். நடந்ததைக் கேட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, அந்தக் குழந்தைகிட்ட நான்னா பையைக் குடுத்தேன்! அம்மனுக்குச் சாத்தின பூவை யாராவது குப்பையில போடுவாளா? குளத்துல விட்டுடு, என் பிள்ளைக்குத் தெரிஞ்சா திட்டுவான், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொன்னேனே!"

பூ, தாய்மார்களே! பையில் இருந்தது பூ! எங்கள் அபார்ட்மென்ட் குளத்தில் பூப் போடக் கூடாது என்று ஆபீஸ் எங்கள் எல்லோரையும் எச்சரித்திருந்தது. ஆமாம், சிரிக்கிறீர்கள், நீங்களும் போட்டவர்கள்தானே? அதனால்தான் அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ஒரு வயதான அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, தன் வேலையை, தன் விசாவை, தன் பெயரைப் பணயம் வைத்து வாய் மூடி நின்றான். போலீசுக்கு யாரும் போகவில்லை. அந்தக் கம்பெனியும் அவனை எடுத்துக்கொண்டது. கேட்டி என்கிற ஊருக்குக் குடிபோனான்.

இதோடு படம் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இந்தப் படங்கள் அப்படி முடியாது. இதுவும் முடியவில்லை.

ஷ்யாமளா அன்றைக்கே குழுவில் எல்லாவற்றையும் எழுதினாள். நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அடுத்த செய்தி, பழைய சோபா விற்பனைக்கு! தொப்பிக்காரன் படத்தை எத்தனை ஊருக்கு அனுப்பினீர்கள்? உண்மையை எத்தனை ஊருக்கு அனுப்பினீர்கள்? கேட்டியில் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒருவர் அவனிடம் கேட்டாராம், "நீங்கதானே அந்த அட்டிகை கேஸ்?" வழக்கே இல்லாமல் தீர்ப்பு! குற்றமே இல்லாமல் தண்டனை! அந்தத் தண்டனையை இன்னும் யார் நடத்திக்கொண்டிருப்பது? போலீசா? கோர்ட்டா? நாம்! காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டு, நல்லவர்களாகவே நடமாடும் நாம்!

இருட்டு எங்கே இருக்கிறது என்று இந்தப் படங்கள் கேட்கின்றன. சந்திலா? சாராயக் கடையிலா? துப்பாக்கி வைத்திருப்பவன் சட்டைப் பையிலா? இல்லை ஐயா, இல்லை! விளக்கெரியும் வீட்டில் இருக்கிறது. விரலால் தள்ளிவிடும் போனில் இருக்கிறது. நம் முகத்தைக் காப்பாற்ற இன்னொருவன் முகத்தில் கரி பூசும் கணத்தில் இருக்கிறது!

ஷ்யாமளா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் இன்றைக்கு இதைப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் கயலிடம் சொல்லி அனுப்பினாள், "என் பேரைச் சொல்லியே பேசச் சொல்லு" என்று. அதனால் சொன்னேன். முகுந்தையும் நான்தான் வரச் சொன்னேன். அதோ, பின்கதவோரம் நிற்கிறானே, நீலச் சட்டை. வந்ததிலிருந்து நிற்கிறான். அரங்கில் இடம் இல்லையா? இருக்கிறது. நாற்காலிகளில் பை உட்கார்ந்திருக்கிறது, கோட்டு உட்கார்ந்திருக்கிறது. அவனைக் கண்டு எந்தப் பையும் நகரவில்லை. நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பிப் பாருங்கள். நன்றாகப் பாருங்கள். தொப்பி இல்லை, கோட்டு இல்லை, நிழல் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு பிள்ளையின் முகம்!

தம்பி சபரி, விளக்கை அணைக்காதே. அந்தப் பிள்ளை உட்காரும் வரைக்கும் அணைக்காதே.

யாரம்மா அது, மூன்றாவது வரிசையில்? யார் அது பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது?

ஷ்யாமளா...

போ முகுந்த். போய் உட்காரு சாமி. உன்னைத்தான் கூப்பிடுகிறாள்.

இதற்கு மேல் பேச முடியாது. இடம் கொடுத்த தலைவருக்கும், செவி கொடுத்த சபைக்கும், இந்தப் படங்களை எனக்குக் காட்டிய என் பேத்திக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். சபரி, இப்போது அணைக்கலாம்.